நாலாவது ஆள்

சகனுக்கு நாலு பேர்.
மூன்று பேர் உட்கார்ந்தால் சோறு வராது.
"ஒரு ஆள் குறையுது, ஒரு ஆள்" என்று
கூவிக்கொண்டே வந்தவள்
என் கையிலிருந்த தடுப்பூசிப் பெட்டியைப் பிடுங்கி
அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு
என்னைப் பாய்க்கு இழுத்துப் போனாள்.
ஐஸ் உருகிவிடும் என்று நான் சொன்னது
கல்யாண வீட்டு இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

கீழக்கரையில் எனக்கு அது ஏழாவது மாதம்.
நான் முதுகுளத்தூர்ப் பக்கம்.
எங்களுக்கு ஆளுக்கு ஒரு இலை,
சிந்தினாலும் அவரவர் இலைக்குள்தான்.
இங்கே ஒரே வட்டம். கோடு கிடையாது.

இடப்பக்கம் ஜொஹரா நாச்சியா.
வலப்பக்கம் அவள் தங்கை உம்மு சல்மா.
எதிரே பெரியபட்டினத்து விருந்தாளிப் பெண்,
காலையிலேயே பஸ் ஏறியவள், நல்ல பசி.

அக்காளும் தங்கையும் பேசி இரண்டு வருஷம்.
எனக்குத் தெரியும்.
கொழும்புக் கடையை மூடிவிட்டு ஆண்கள் திரும்பியதும்
உம்மா வீடு திடீரென்று சின்னதாகிவிட்டது.
நடுக்கூடத்தில் சுவர் எழும்பியது.
பத்து எட்டில் போகவேண்டிய மறுபாதிக்கு
நான் தெருவைச் சுற்றி, மீன்கடையைத் தாண்டி,
தண்ணீர் வண்டி மாட்டுக்கு ஒதுங்கிப் போகிறேன்.
இந்தப் பாதியிலும் அந்தப் பாதியிலும்
ஒரே இரும்புச்சத்து மாத்திரை,
ஒரே பொய்: "தவறாமப் போடுறேன் நர்ஸம்மா."

சகன் வந்தது.
நெய்ச்சோறு குன்றாக, உச்சியில் களரிக்கறி,
சரிவில் தால்ச்சா.
விளிம்பில் யாரோ ஒரு வாப்பாவின் பெயர், பாதி தேய்ந்து.
சங்கு விற்ற காசில் தோணியேறி வந்த பன்னிரண்டில் ஒன்று.
பங்கு வைத்தபோது ஆறு ஆறு.
அடையாளத்துக்கு அடியில் நகச்சாயம்:
அக்காளுக்குச் சிவப்பு, தங்கைக்கு ரோஸ்.
இது எந்த நிறம் என்று தெரியவில்லை.
சோறு இருக்கும்போது சகனைத் தூக்கிப் பார்க்க முடியுமா?

பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம்.
இருவரும் அவரவர் பக்கத்தை மட்டும் அள்ள அள்ள
நடுவே ஒரு வரப்பு நின்றது
என்னிலிருந்து விருந்தாளிவரை,
மேலே ஒரு நல்லி எலும்பைச் சுமந்துகொண்டு.
சுவரின் இந்த முனையில் நான். அந்த முனையில் பசி.
வேறு வழியில்லை, தின்றோம்.

நெய்ச்சோறு என்ன செங்கல்லா?
ஒரு பருக்கை இன்னொன்றைப் பிடித்து நிற்காது.
முதலில் தால்ச்சா கசிந்தது.
பிறகு எலும்பு சரிந்து தங்கை பக்கம் விழுந்தது.
அவள் அதைப் பார்க்கவில்லை என்பதுபோல்
ஒற்றை விரலால் அக்காள் பக்கம் தள்ளினாள்.
அக்காள், எங்கோ பந்தல் துணியைப் பார்த்தபடி,
திருப்பித் தள்ளினாள்.
மறுபடி இங்கே. மறுபடி அங்கே.
சின்ன வயதில் இதே எலும்புக்கு
எத்தனை முறை மயிரைப் பிடித்திருப்பார்களோ.

விருந்தாளிப் பெண் எலும்பை எடுத்தாள்.
வாப்பாவின் பெயர்மேலேயே இரண்டு தட்டு தட்டினாள்.
உறிஞ்சினாள். 
கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் உறிஞ்சினாள்.

அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள்,
"பார்த்தியாடி இவளை" என்ற பார்வை.
உம்மு சல்மாவுக்குப் புரையேறியது.
தண்ணீர்ச் செம்பு என் முன்னால் கடந்து போனது.
யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
வட்டலப்பம் வந்தது. கை கழுவினோம்.
என் பெட்டியில் பாதி ஐஸ் மிச்சம்.

சுவர் இன்றைக்கும் நிற்கிறது, வெள்ளையடித்து.
போன வாரம் மாத்திரை கொடுக்கும்போது
உம்மு சல்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"இது லாத்தாவுக்கு ஒத்துக்குதாமா?" என்றாள்.
எப்படியும் சுற்றித்தானே போகிறேன்,
கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.
மீன்கடையில் அன்றைக்கு ஊளி வந்திருந்தது.